இரண்டு ப்ளாப்பியில் ஏரிகள்

தருமபுரி
11-2-1990

அன்புள்ள தாட்சா,

உன் கடிதம் கிடைத்தது. மாற்றலாகி வந்து எட்டு மாதமாகியும் இந்த ஊர்க் குளிர் பழகவில்லை. கல்லூரி பழகிவிட்டது. எல்லாக் கல்லூரியும் ஒன்றுதான்.

பல்கலைக்கழக நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததில் உனக்குள்ள சந்தோஷம் புரிகிறது. கிளம்பும் அவசரத்தில் உன் மேசைக்கடியில் விட்டுவந்த என் அட்டைகளையும் அதில் ஏற்றலாம் என்கிறாய். அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை ஏரி ஏரியாகப் போய், மடையை யார் திறந்தார்கள், தண்ணீர் முறை எப்படி என்று பத்து வருஷம் கேட்டு எழுதியவை அவை. சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. என் ஆராய்ச்சிக்கு வேறு ஆதாரமும் இல்லை. பதிவு அடுத்த வருஷம் மார்ச்சோடு முடிகிறது.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள் என்பது உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் நீ கேட்டு நான் மறுத்ததில்லை. ஏற்றிக்கொள். ஏற்றிய பிறகும் அட்டைப் பெட்டிகள் உன் பொறுப்பிலேயே இருக்கட்டும். இதை மட்டும் மறக்காதே.

அன்புடன்,
வடிவு


ஆவடி
2-8-1990

அன்புள்ள வடிவு,

முடிந்துவிட்டது. கரையான்சாவடியிலிருந்து புஷ்பா என்றொரு பெண் தற்காலிக வேலைக்கு வருகிறாள். அவள்தான் முழுவதையும் அடித்தாள். ஏரி நிரம்பி வழியுமே, அந்தக் ‘கலங்கல்’ என்று கேட்டால், அந்தச் சொல் உள்ள அட்டையெல்லாம் திரையில் வந்து நிற்கிறது. எம்.ஏ. மாணவர்கள் இரண்டு பேர் நெமிலிச்சேரி ஏரியைக் கேட்டார்கள். நின்ற இடத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். நீ இருந்தால் உதட்டைச் சுழித்துக்கொண்டாவது பார்த்திருப்பாய்.

கம்ப்யூட்டருக்குள் நூலகப் பட்டியலுக்கே இடம் போதவில்லை. அதனால் உன்னுடையது ப்ளாப்பி என்கிற, வெளியே எடுத்து வைக்கும் தகட்டில் இருக்கிறது, மூலம் ஒன்று, நகல் ஒன்று. அச்செடுக்க ரிப்பன் கேட்டிருக்கிறோம், ஆயுத பூசை கழிந்து வரும்.

தீபாவளிக்காவது வருவாயா? லோக்கல் ரயிலில் தனியாகப் போய்வந்து அலுத்துவிட்டது.

உன்,
தாட்சாயிணி


தருமபுரி
16-8-1990

அன்புள்ள தாட்சா,

சந்தோஷம். வேப்பம்பட்டுப் பக்கம் கலங்கலைக் ‘கலிங்கு’ என்று சொன்னார்கள். நீ கலங்கல் என்று கேட்டால் அவர்கள் வருவார்களா? புஷ்பாவிடம் கேட்டு எழுது.

அட்டைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அன்புடன்,
வடிவு


ஆவடி
4-10-1990

அன்புள்ள வடிவு,

நாலு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

ஆயுத பூசைக்கு நூலகத்தில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், மின்விசிறி ஒன்றும் பாக்கியில்லை. புஷ்பா ப்ளாப்பிக்கும் வைத்துவிட்டாள். அதில் ஒரு திறப்பு உண்டு. உள்ளே சுழலும் தகடு அங்கே தெரியும். சந்தனத்தைக் குழைத்து அந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். விடுமுறை முடிந்து கம்ப்யூட்டருக்குள் போட்டதும் கரகரவென்று சத்தம். படிக்கவில்லை. என் டிராயரில் சுத்தமாக இருந்த நகலை எடுத்துவந்து அதே இடத்தில் நானே போட்டேன். படிக்கும் முனையில் ஒட்டியிருந்த சந்தனம் அதையும் கீறிவிட்டது என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னார். இரண்டும் போய்விட்டன.

“எல்லாத்துக்கும் வெச்சிகினு வந்தேங்க்கா, இத்த மட்டும் உட்டா நல்லாவா கீது” என்று புஷ்பா அழுகிறாள்.

தாட்சா


தருமபுரி
9-10-1990

அன்புள்ள தாட்சா,

படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சரியாகிவிட்டது. அட்டைகள் இருக்கின்றனவே. மறுபடி அடிக்க வேண்டாம். பெட்டிகளைக் கட்டிப் பார்சல் லாரியில் போட்டுவிடு. மார்ச்சுக்குள் எழுதி முடித்துவிடுவேன்.

நீயும் அந்தப் பெண்ணும் சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

வடிவு


ஆவடி
20-10-1990

வடிவு,

அட்டைகள் இல்லை.

ஜூலையில் கம்ப்யூட்டருக்கு ஏ.சி. அறை கட்ட என் மேசை இருந்த இடத்தைக் காலி செய்தார்கள். தலைமை நூலகர் ராஜசேகரன் பெட்டிகளைக் காட்டி, “அதான் உள்ள ஏத்திட்டீங்களே, இன்னும் இந்தக் குப்பை எதுக்கும்மா?” என்றார். இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருஷம் அவரிடம் வாதாடியவளே நான்தான். நானே அதை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று தலையாட்டிவிட்டேன். பழைய பேப்பரோடு போயிற்று. பூந்தமல்லிக் கடையில் விசாரித்தேன். எப்போதோ காகித ஆலைக்கு அரவைக்குப் போய்விட்டதாம்.

பொங்கல் விடுமுறைக்கு வா. நாம் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய் மறுபடி கேட்போம். நான் லீவு போடுகிறேன். ஒரு வரியாவது எழுது.

தாட்சா


தருமபுரி
28-3-1991

பெறுநர்:
உதவி நூலகர் அவர்கள்

அம்மையீர்,

என் ஆராய்ச்சிப் பதிவை நீட்டிக்க நான் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே நூலக உறுப்பினர் சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ரத்து செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பொங்கலுக்கு ஆவடியில் தம்பி வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு நாள் நெமிலிச்சேரியில் இறங்கி, மடை திறந்துவிடும் வேலை பார்த்த பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் மகன் வேம்புலி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “நைனாவே போய்ட்டாரு. என்னாண்ட இன்னா கீதுன்னு வந்தீங்க?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வேறு ஊருக்கு நான் போகவில்லை.

புஷ்பாவின் வேலைக்கு இதனால் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் வேலையைக் கும்பிட்டவள்.

திரும்பும் அன்று உங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
ச. வடிவு
விரிவுரையாளர், வரலாற்றுத் துறை