ஜாடிகள் இருக்கும் அறை

மார்ச் 3, செவ்வாய்

படுக்கையறை நாறுகிறது. ஈரச் சாக்ஸைப் பையில் கட்டி வைத்து, மறந்து, ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம்.

என் வீட்டுக்காரர் முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டு, சாறு விடும்வரை கையால் பிசைந்து, மூன்று ஜாடிகளில் அமுக்கி, என் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறார். அடுப்படி சூடாம். “உள்ள இருட்டா, குளுகுளுன்னு இருக்கு. அதுங்களுக்கு அதுதான் பிடிக்கும்.” அதுங்க என்றால் கிருமிகள். எனக்கு என்ன பிடிக்கும் என்று இந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்டதில்லை.

வினையை நானேதான் பையில் போட்டுத் தூக்கி வந்தேன். வருஷக்கணக்காக மலச்சிக்கலில் அவதிப்படுகிறாரே என்று, வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து குடல் நலம் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தேன். புளிக்க வைத்த காய்கறிகளைப் பற்றி அதில் ஒரே ஓர் அத்தியாயம். மனுஷன் அதை மட்டும் படித்தார்.

மார்ச் 8

இன்று ஜாடி ஏப்பம் விட்டது. அவருடைய வார்த்தை, என்னுடையது அல்ல. தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டுமாம். அந்தக் காற்றெல்லாம் எங்கே போகும்? என் தலையணைக்குத்தான்.

மார்ச் 14

மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. “இது ஒண்ணும் பண்ணாது, பூசணம்னாதான் கொட்டணும்” என்று நான் தயிர் எடுக்கும் கரண்டியாலேயே வழித்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். கறுக் முறுக்கென்று அந்தச் சத்தம். வாயோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

கரண்டியைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

நியாயமாக எழுத வேண்டும் என்றால் — பலன் இருக்கிறது. காலையில் செய்தித்தாளோடு உள்ளே போய் மணிக்கணக்கில் குந்தியிருந்தவர், இப்போது தலைப்புச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறார். வயிற்று உப்பசம் இல்லை. முகத்தில் ஒரு தெளிவு.

ஆனால் அதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா? படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து, “சார், டிராஃபிக்கெல்லாம் கிளியர் ஆயிடுச்சு” என்கிறார். அந்த மனிதர் கையில் பால் பாக்கெட். பாவம்.

நானும் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்குத் துணை, செரிமானத்துக்கு உதவி, காயின் சத்தும் பெரிதாகக் கெடுவதில்லை. புத்தகம் தயங்கித் தயங்கிச் சொல்கிறது. இவர் மைக் பிடித்துச் சொல்கிறார். சர்க்கரை, மூட்டுவலி, மனக்கவலை எல்லாம் போகுமாம். “வாய் புளிச்சதோ மாங்காய் புளிச்சதோன்னு பேசாதீங்க” என்றேன். “புளிச்சது முட்டைக்கோஸ்” என்று சிரித்தார். சிரித்தபோதும் அதே நாற்றம்.

ஏப்ரல் 2

மகள் அறைக்கு மாறிவிட்டேன். அவள் விடுதிக்குப் போனதிலிருந்து சும்மாதானே கிடக்கிறது. போனில் சொன்னேன்.

“ஏம்மா, முட்டைக்கோசுக்காக டைவர்ஸா?”

“வாயை மூடு.”

“மூடி வைக்கக் கூடாதாமே, வெடிச்சிடுமாம். அப்பாதான் சொன்னார்.”

இரண்டுக்கும் ஒரே வாய்.

ஏப்ரல் 6

அவருக்கு ரத்த அழுத்தம் வந்த நாளிலிருந்து படுக்கப் போகும்போது மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுப்பது நான்தான். இப்போது சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கிறேன். “மாத்திரை போட்டாச்சா?” “ஆச்சு.”

அவ்வளவுதான் தாம்பத்தியம். நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 19

ஜாடித் தண்ணீரையும் டம்ளரில் ஊற்றிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அதில்தான் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். குடித்துவிட்டு ஓர் ஏப்பம். நான் மேசையை விட்டு எழுந்து போய்விட்டேன்.

“தலை கனக்குற மாதிரி இருக்கு” என்றார் பின்னாலிருந்து.

“கழுநீர்ப்பானையைக் குடிச்சா கனக்காம என்ன செய்யும்?”

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஆளைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. எனக்கே இது பிடிக்கவில்லை. ஆனால் கூசுகிறதே, என்ன செய்ய?

ஏப்ரல் 27, திங்கள்

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இன்று லிஃப்ட்டின் கூரை மேல் நின்று கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை பார்ப்பவர் ஓடிப்போய் லிஃப்ட்டை நிறுத்தியிருக்கிறார். “அக்கா, நீங்க பதறாதீங்க, விழல. உட்கார்ந்துட்டார், அவ்வளவுதான்” என்று அவரே பதறிக்கொண்டு போன் செய்தார்.

விழவில்லை. விழவில்லை. ஆட்டோவில் இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

அழுத்தம் இருநூறைத் தாண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டாக்டரம்மா கேட்டார்: “மாத்திரை ஒழுங்கா போடறாரா?”

“தினமும் போடறார்” என்று நான்தான் சொன்னேன். அத்தனை உறுதியாகச் சொன்னேன்.

இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28

ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே மாத்திரை போடவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போய், “பாருங்க, மாத்திரை இல்லாமலே” என்று காட்டி அசத்தலாம் என்று நினைத்திருக்கிறார். வயிறு சரியானதும் மற்றதும் சரியாகும் என்று கணக்கு.

“எங்கிட்ட பொய் சொன்னீங்களே.”

“நீ அந்த ரூம்லேர்ந்து கேட்ட. நான் இந்த ரூம்லேர்ந்து சொன்னேன். மூஞ்சியைப் பாத்துக் கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன்.”

எவ்வளவு திமிர் என்று முதலில் வந்தது. ஆனால் உண்மைதானே. நான் மூக்கைத்தானே காப்பாற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். “காய் நல்லதுதான். ஆனா அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு யோசிச்சீங்களா? மாத்திரையையும் விட்டுட்டு உப்புத் தண்ணியையும் குடிச்சா? சாப்பிட்டே ஆகணும்னா அலசிட்டு ஒரு ஸ்பூன். தண்ணி கூடவே கூடாது. மாத்திரைக்கு மாத்திரைதான்.”

“லிஃப்ட்டுக்கு ஓவர்லோடு ஆனா மணி அடிக்கும் டாக்டர்” என்றார் இவர். “எனக்கு அடிக்கலையே.”

“தலை கனத்துச்சே, அதுதான்” என்றேன். அந்த மணி எனக்குத்தான் அடித்திருந்தது.

ஏப்ரல் 29

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். போன வாரம் புதிதாக நிரப்பி, மூன்று நாளாகத் திறக்காத ஜாடிகள். மூடிகள் புடைத்திருந்தன. எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்க்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். புஸ்ஸென்று சீறி, நுரை வழிந்து கையெல்லாம் ஆகி — குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் இருக்கிறது.

கொட்டவில்லை. ஏன் என்று கேட்காதே. வெடித்தால் துடைக்கப்போவது யார், நான்தானே. திரும்ப மூடி வைத்தேன்.

மே 3

வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் அலமாரியைத் திறந்து பார்த்தார். “நீயா திறந்துவிட்ட?” நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

மே 6, புதன்

ஜாடிகள் மகள் அறைக்குப் போயின. என் தலையணை பழைய இடத்துக்கு வந்தது. இதையும் அவளிடம் சொல்லியாயிற்று. “அப்போ என் கட்டிலுக்கு அடியில முட்டைக்கோஸா? நான் லீவுக்கே வரல” என்று போனை வைத்துவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு ஸ்பூன். நானே அலசிப் பிழிந்து வைத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. படுக்கும்போது மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன்.

“வாயைத் திறங்க.”

“என்னம்மா, நான் என்ன குழந்தையா?”

“திறங்க. நாக்கைத் தூக்குங்க.”

திறந்தார். மாத்திரை இல்லை. நாற்றம் இருந்தது, முகத்துக்கு நேராக. முகத்தைத் திருப்பவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.