கக்கத்தில் வைத்த தவ்லா பலகை

ஆய்வாலிக்

என் செல்ல நாஸானுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய முட்டிவலியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. ஆலிவ் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை நம் மாடியில் குட்டி போட்டிருக்கிறது, இதெல்லாம் இருக்கட்டும், விஷயத்தைக் கேள். ஹுலூசியின் டீக்கடை முன்னால் சினார் மரத்தடியில் மறுபடி தவ்லா பகடையாட்டப் போட்டி வைக்கப் போகிறார்களாம்! நகராட்சியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். உன் அப்பா பேரைக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போதுகூடப் பகடை உருட்டுகிறார். எனக்கும் கை கால் ஓடவில்லை. நானும் அவரும் உட்கார்ந்து பழைய கதை பேசிப் பேசி நேற்று பருப்பு சூப் அடிப்பிடித்துப் போயிற்று.

உன் தஹ்சின் தாத்தாவும் அப்பாவும் இறுதி ஆட்டம் ஆடினார்கள் என்று உனக்குத் தெரியும், ஆனால் முழுசாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், உன் அப்பா சொன்னால் எல்லாப் பகடையும் அவர் திறமையில்தான் விழுந்திருக்கும். நான் சொல்கிறேன் கேள். அப்போது ஊரில் எட்டு டீக்கடை, எட்டுக்கும் ஒவ்வொரு சூரன், கோடை முழுக்க டக் டக் என்று காய் வைக்கும் சத்தம்தான். என் அப்பா, அதான் உன் தாத்தா, எண்ணெய்ச் செக்கு முதலாளி, தோற்றதே கிடையாது. ஜெயித்தவன் பலகையை மூடித் தோற்றவன் கக்கத்தில் செருகி, போய்க் கற்றுக்கொண்டு வா என்று அனுப்புவது இப்போது வெறும் வேடிக்கை. அப்போது அதோடு கடைத்தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போக வேண்டும், ஊரே வாசலுக்கு வந்து சிரிக்கும். என் அப்பா எத்தனையோ பேரை அப்படி அனுப்பியவர், தான் ஒருநாளும் போனதில்லை. உன் அப்பா ரவூஃப் அப்போது படகு மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள், என் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, போட்டி முடியட்டும் என்றுவிட்டார். பார்த்தால் கடைசியில் இவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்!

நான் தையல் வேலை பார்த்த மெலிஹா அக்கா கடை மாடி ஹுலூசியின் டீக்கடைக்குச் சரியாக எதிரே இருந்தது. ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம். “ஜெயிச்சான்னா உங்கப்பா மானம் போச்சுன்னு கதவைச் சாத்துவாரு, வேணும்னே தோத்தான்னா என்னை ஏமாத்தப் பாக்குறியான்னு சாத்துவாரு, உனக்கு ரெண்டு பக்கமும் கதவுதான்டீ” என்றாள் அந்தப் புண்ணியவதி. நான் நீதிபதி மனைவியின் கவுனுக்குக் கை நுழையவே வழியில்லாமல் சேர்த்துத் தைத்துவிட்டேன். கீழே ஆளுக்கு நாலு ஜெயித்துச் சமமாகிவிட்டது, கடைசி ஆட்டம். என் அப்பா சும்மா இருப்பாரா, “என்ன தம்பி, கை நடுங்குது? மோட்டார் ஸ்டார்ட் ஆகலையா?” என்று சீண்டினார். உன் அப்பா தலை நிமிராமல், “சூடாகட்டும் ஐயா, அப்புறம் நிக்காது” என்றார். கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்குச் சிரிப்பு, பயம், எல்லாம் சேர்ந்து வந்தது. கடைசியில் வெளியே எடுக்க என் அப்பாவுக்கு இரண்டே காய், உன் அப்பாவுக்கு நாலு காய் பாக்கி. பகடை உன் அப்பா கையில். நல்ல இரட்டை விழுந்தால்தான் நாலையும் ஒரே கையில் எடுக்கலாம், இல்லையென்றால் அடுத்த கையில் என் அப்பா முடித்துவிடுவார். உருட்டினார். ஹுலூசி கத்தியது துறைமுகம்வரை கேட்டிருக்கும், “தூஷேஷ்! இரட்டை ஆறுடா!”

இதற்கு அப்புறம்தான் உன் அப்பா செய்தார் பார் ஒரு பைத்தியக்காரத்தனம். எல்லோரும் “கக்கத்துல வை, கக்கத்துல வை” என்று கத்துகிறார்கள், இவர் பலகையை மூடித் தன் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு, “கனமா இருக்கு ஐயா, நானே வீடுவரைக்கும் கொண்டாந்து தர்றேன்” என்றாராம். மரியாதையாம்! என் அப்பா முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. நாற்காலியைத் தள்ளி எழுந்தார். “நான் என்ன நொண்டியா? பிச்சை போடுறியா எனக்கு? நியாயமாத் தோத்தேன், தோத்தது எனக்குச் சொந்தம். குடுடா இங்க!” என்று கையைத் தூக்கிக் கக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். உன் அப்பா இரண்டு கையாலும் வைத்தார். தொலைந்தது என் கல்யாணம் என்று மெலிஹா அக்கா தோளில் விழுந்து அழுதேன். என் அப்பா நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். மீன்கடைக்காரன், “தஹ்சின் அண்ணே, கக்கத்துல என்ன, தர்பூசணியா?” என்றதற்கு, “ஆமா, உனக்கும் ஒரு துண்டு தர்றேன், வாடா” என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் பின்சந்து வழியாக ஓடி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் ஒளிந்துகொண்டேன். வந்தார். பலகையைச் சாப்பாட்டு மேசையில் பொத்தென்று போட்டார். என்னைப் பார்க்கவே இல்லை, என் அம்மாவிடம் சொன்னார், “வெள்ளிக்கிழமை அந்த மோட்டார்க்காரப் பய வர்றான், பதிலாட்டம். அவங்கப்பன் ஆத்தாளையும் கூட்டிட்டு வரச் சொல்லி வழியிலேயே ஆள் விட்டுட்டேன். அவன் தோக்கறதைப் பாக்க நாலு பேரு வேணாமா?” அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “காப்பிய நீ போடணும். அவனுக்கு மட்டும் உப்பைப் போடு, கை நிறையப் போடு” என்றார். பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளைக்குத்தானே நாஸான் நாம் உப்புக் காப்பி கொடுப்போம்! நான் கையிலிருந்த தட்டைப் போட்டு உடைத்துவிட்டேன்.

அல்லா உங்கள் மூன்று பேரையும் கண் படாமல் வைக்கட்டும், வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். அந்தக் கடைவாய்ப் பல்லை இந்த மாதமாவது போய்க் காட்டு, என்னிடம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லாதே. குழந்தையின் இரண்டு கன்னத்திலும் எனக்காக முத்தம்.

உன் அம்மா,
பெர்ரின்