சாருக்கென்று ஓர் அடுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் குறையவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உனக்குக் கீழே வேலை பார்க்கும் ஆறு பேரில் ஒருத்தி கட்டட வரைபடத்தில் செய்த தப்பை மூன்று வாரம் மறைத்துவிட்டாள், அவளை வேலையை விட்டு எடுப்பதா வைத்துக்கொள்வதா என்று திங்கட்கிழமைக்குள் நீ சொல்லியாக வேண்டும், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தாய். மற்றவர்கள் வரைந்ததை எல்லாம் நீயே மறுபடி வரைந்து சரிசெய்கிறாய், அப்படியும் இப்படி ஆகிவிட்டதே என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன், அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் நான் மேற்பார்வை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நடந்ததை உனக்கு எழுதவில்லை, வெட்கமாக இருந்தது. இஸ்திரி உருளை அளவுக்கு மேல் சூடாகி விரிப்புகளின் ஓரத்தைப் பொசுக்கியிருக்கிறது, அங்கே வேலை பார்க்கும் பெண்கள் பதினொரு நாள் பொசுங்கியதை எல்லாம் பழைய கம்பளிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், கடைசியில் விரிப்பு போதாமல் ஆபரேஷனுக்கு வந்த ஒரு நோயாளி இரண்டு மணி நேரம் காத்திருந்தார். மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் வந்து, உருளையைக் கவனிக்கும், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் அம்மாள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டேன். கையெழுத்து போடுவதற்கு முன் பேருக்கு ஒரு வார்த்தை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் பதறவே இல்லை. "சொன்னா நீங்க திட்ட மாட்டீங்க சார், வாயே திறக்காம நீங்களே உருளைகிட்ட வந்து நிப்பீங்க, நாங்க கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும், அதுக்குத் திட்டே வாங்கிக்கலாம்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். தினமும் காலையில் வாசல் பக்கம் விரிப்புகளில் ஓர் அடுக்கை வேண்டுமென்றே கோணலாக மடித்து வைப்பார்களாம், அதற்குப் பெயரே சார் அடுக்காம். நான் வந்ததும் அதைப் பிரித்து மடித்துக்கொண்டு நிற்பேன், அதற்குள் மற்ற வேலையை நிம்மதியாக முடித்துவிடுவார்களாம். ஒன்பது வருஷமாக நான் அதை மேற்பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "நான் துணி மடிக்கிறதையே விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா" என்றாள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டு, தப்பு என் பேரில் என்று வேறொன்று எழுதிக் கொடுத்தேன். இப்போது காலையில் போனதும் நேற்று என்ன கெட்டுப்போனது என்று மட்டும் கேட்கிறேன். நாலு நாள் யாரும் வாய் திறக்கவில்லை, ஐந்தாம் நாள் சோப்புத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாள் ஒருத்தி, என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டுவிட்டு இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன். முழுக்கத் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே, நேற்றுகூட இரண்டு தலையணை உறையை மறுபடி மடித்தேன், பெரியக்கா பார்த்துவிட்டு இருமினாள். உன் ஆபீஸ் பெண்ணை வைப்பதும் எடுப்பதும் உன் பொறுப்பு, அதில் நான் தலையிட மாட்டேன். முடிவு பண்ணும் முன் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேள், கேட்டுவிட்டுப் பேசாமல் இரு, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீ கல்லூரியைப் பாதியில் விட்டது எட்டு மாதம் கழித்து, அதுவும் வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை கோபப்படவில்லை, அன்று சாயங்காலமே வேறு கல்லூரிக்கு விண்ணப்பத்தை நானே நிரப்பி உன் முன்னால் வைத்தேன், நீ கையெழுத்து மட்டும் போட்டாய். அதை என் நல்ல குணம் என்று இத்தனை வருஷமும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு வலிக்கிறது.

கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த எட்டு மாதம் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன், மறக்காமல் எழுது. படித்துவிட்டுச் சும்மா இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா