மலைக்கோட்டை மருந்தறை

அக்கா,

நேற்று உங்கள் அறைக் கதவைத் திறந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. டிரங்குப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனையோடு அந்தக் கோட்டையும் எழுந்து வந்தது. மூடியின் உள்பக்கத்தில் நீங்கள் கஞ்சிப் பசை தடவி ஒட்டி வைத்திருந்த நம் பழைய வெடி லேபிள். மஞ்சள் மதில், நீலக் கொடி, வாசலில் இரண்டு பீரங்கி, மேலே சிவந்த வானம். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. அந்தச் சிவப்பு மட்டும் மங்கவேயில்லை.

கடைசி நாளன்று மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள். நான் அடுக்களைக்குள் போய்ச் செம்பை எடுத்து வருவதற்குள் நாற்காலியில் உங்கள் தலை சாய்ந்திருந்தது. நெற்றியில் திருநீறு காயக்கூட இல்லை. அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அங்கேயே நிற்பதுபோலத்தான் இருக்கிறது எனக்கு. அழுகைகூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. இதற்கு முன்னால் ஒரே ஒரு நாள்தான் என் உடம்பு இப்படி விக்கித்துப்போய் நின்றது. நாம் கோட்டை பார்க்கப் போன அன்று.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நான் எழுத்துக் கூட்டக் கற்றதே நம் கம்பெனி லேபிள்களில்தான். அதற்குப் பிறகுதான் கந்த சஷ்டி கவசமும் வரவுசெலவு நோட்டும். நான் லேபிளில் எழுத்தைப் பார்ப்பேன், நீங்கள் படத்தைப் பார்ப்பீர்கள்.

"ஏ தங்கச்சி, இந்தக் கோட்டை எங்கன இருக்கு?"

"எங்கயும் இருக்காதுக்கா. அச்சாபீசுல உக்காந்து வரைஞ்சது."

"பாக்காமலா இம்புட்டுச் சன்னல் வச்சான்? போ புள்ள."

உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும், அண்ணனும் தம்பியுமாக விஸ்வநத்தம் பக்கம் ஆரம்பித்த வெடி கம்பெனி நம்முடையது. நம் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் குடிப்பது இரண்டாவது. அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், ஓர் ஐப்பசி மழைநாளில் மருந்தறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது உங்கள் மகன் வேலு ஒன்றாம் வகுப்பு. எப்படி வெடித்தது என்று உங்களிடம் யாரும் பேசவில்லை. நீங்களும் யாரையும் கேட்கவில்லை. வெள்ளைச் சேலையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக அடுக்களையை ஏற்றுக்கொண்டீர்கள். என் வீட்டுக்காரர் கம்பெனியை ஏற்றுக்கொண்டார்.

வேலுவுக்கு மீசை அரும்பிய வருடம் அந்தப் பேச்சு வந்தது. மருந்து கலக்கும் பொறுப்பைச் சொந்த ரத்தத்திடம்தான் விடமுடியும் என்பது இவர் எண்ணம். வேலுவுக்கும் அதில் துள்ளல். நீங்கள் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்டால் பதில் வரும். இதைக் கேட்டால் உலையைப் பார்க்கத் திரும்பிவிடுவீர்கள். ஆடி பிறந்தால் சீசன் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும்.

"மதினி மனசு குளிர என்ன செய்யணும் புள்ள?" என்று இவர் என்னிடம் கேட்டார்.

"ஒரு கோட்டையைக் காட்டுங்க. வேற ஒண்ணும் அவுக ஆசைப்பட்டதில்ல" என்றேன்.

அப்படித்தான் வாசலில் பிளஷர் கார் வந்து நின்றது. நமக்கு இருவருக்கும் புதுச் செருப்பு. ஒரு தூக்கில் புளியோதரை, ஒரு கூஜா தண்ணீர். திண்டுக்கல்லில் பேப்பர் வியாபாரி ஒருவர், கோட்டை காட்டுவதற்கென்றே ஆள் ஏற்பாடு செய்திருந்தார். வழியில் மதுரையில் நாயக்கர் மகாலில் இறங்கினோம். அன்றைக்கு அங்கே கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற தூணில் சாய்ந்துகொண்டு ஒரு வக்கீல் வடை தின்றுகொண்டிருந்தார்.

"ராசா எங்க தம்பி?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டீர்கள்.

"வாய்தாவுக்குப் போயிருக்காரு மதினி."

எத்தனை வருடத்துக்குப் பிறகு நீங்கள் பல் தெரியச் சிரித்தீர்கள்! காரியம் பழம்தான் என்பதுபோல இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

திண்டுக்கல்லில் மலையடிவாரத்தில் கக்கத்தில் குடையோடு, கோட்டை காட்டும் அந்த மனிதர் காத்திருந்தார். "இன்னைக்குக் கோட்டை உங்களுக்கு மட்டுந்தாம்மா. நீங்கதான் ராணி" என்றார்.

"ராணின்னா நடக்க விட்டுருவாகளா? பல்லக்கு எங்கய்யா?" என்றீர்கள். அவர் குடையை விரித்து உங்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே ஏறினார்.

மஞ்சள் மதிலும் இல்லை, நீலக் கொடியும் இல்லை. வெந்த பாறை, கறுத்த சுவர், அதில் ஏறி மேய்கிற ஆடுகள். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்களோ ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டு நடந்தீர்கள். பாதி மலையில் ஒரு கல் கட்டடம். குனிந்துதான் நுழைய வேண்டும். அவர் முன்னால் என்னவோ சொல்லிக்கொண்டே உள்ளே போனார். காற்றிரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினீர்கள். இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து ஓரக் கல்லில் வைத்தீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் வெறுஞ்சுவரில் அழுத்தித் தேய்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி நுழைந்தீர்கள்.

நான் என்ன நினைப்பேன்? ஏதோ கர்ப்பகிரகம் என்று நினைத்தேன். நானும் செருப்பைக் கழற்றினேன். முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். உள்ளே கும்மிருட்டு. சாமி எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் என்ன என்று கைகூப்பிக் கண்ணை மூடினேன். தாயே, அக்கா இன்றைக்கு வாய் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வாசலிலிருந்து இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏ புள்ள, எதைக் கும்புடுதே? அது ராசா காலத்து மருந்து ரூமு!"

கண்ணைத் திறந்தேன். அதே நேரம் அந்த மனிதர், "மேல பாருங்க, எவ்வளவு நேர்த்தியா வளைச்சிருக்கான்" என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தார்.

உங்கள் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் கொண்டையைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே எறிந்தீர்கள். எறிந்தீர்கள் என்றுதான் சொல்லவேண்டும். முழங்கை பாறையில் தேய்ந்து தோல் உரிந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கையில் ஓங்கி ஓர் அடி. குச்சி கீழே விழுந்தது. வெறுங்காலால் அதை மிதித்து மிதித்து அணைத்தீர்கள். வெளியே ஓடிவந்து கூஜாவை எடுத்துப் போய், குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அந்த இடத்தில் கவிழ்த்தீர்கள்.

அந்த மனிதர் கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார். "அம்மா, என் பாட்டன் காலத்துலேருந்து இதுல ஒண்ணுமே இல்லம்மா. வெறும் காலி ரூமு!"

"காலின்னு எப்படிய்யா தெரியும்?" உங்கள் மூச்சு இரைத்தது. "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாக. ரூமு காலிதாண்ணே, விளக்கோட போங்க, எங்கன ஒழுகுதுன்னு பாத்துட்டு வாங்கன்னு சொன்னாக. காலி ரூமுதான் அவுகளைக் கொண்டுபோச்சு."

நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணனிடம் அதைச் சொன்னது யார் என்று எனக்கு வேறு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவரோடு அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் நான். அதை அன்றைக்கு, அந்த மொட்டைப் பாறையில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"மதினி..." என்றார் அவர். "கேட்டீகளா?"

"கேட்டேன். சோத்துக்கூடையோட வேப்பமரத்தடியில நின்னேன்."

"இம்புட்டு வருசமா ஒரு வார்த்தை..."

"சொன்னா? அவுக எந்திரிச்சு வந்துருவாகளா?"

தோள் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார் அவர். நீங்கள் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினீர்கள். அப்புறம்தான் குரல் இறங்கியது. "நீங்க பொய் சொல்லல தம்பி. மூட்டையை எடுத்தாச்சு, பெருக்கியாச்சு, காலின்னு நெனைச்சுட்டீக. தரையில படிஞ்ச பொடி கண்ணுக்கா தெரியும்? கழுவினாத்தான் அது காலி ரூமு. கழுவலைன்னா உள்ள இன்னும் இருக்குன்னுதான் கணக்கு."

நீங்கள் செருப்பையும் இரும்பையும் வெளியே விட்டு, கையைச் சுவரில் தேய்த்தது சாமிக்காக இல்லை, மருந்தறைக்குள் நுழைகிற முறை அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் சொன்ன ஒரு சொல் அவர் அண்ணனைக் கொன்றது என்பது ஓர் அதிர்ச்சி. அதைவிடப் பெரிது இன்னொன்று. அன்றிலிருந்து தினமும் அவர் இலையில் நீங்கள்தான் சோறு வைத்தீர்கள். நெய் ஊற்றினீர்கள். அவருக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை விசிறினீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு துளிகூடத் தெரியவில்லையே, அக்கா!

அந்தப் பாவப்பட்ட மனிதரிடம், "அடிச்சிட்டேன்யா, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றீர்கள். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "பரவால்லம்மா. இந்தக் கோட்டையில சண்டை நடந்தும் ரொம்ப நாளாச்சு" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

திரும்பிவிடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. உச்சிக்கு ஏறினோம். அங்கே ஓர் அம்மன் கோவில். அங்கேயாவது மனதை இறக்கி வைக்கலாம் என்று உள்ளே ஓடினேன். வௌவால் நாற்றம். கர்ப்பகிரகத்தில் பீடம் வெறிச்சென்று கிடந்தது. அம்மன் இல்லை. அப்படி ஒரு கோவிலை நான் கனவிலும் கண்டதில்லை. கூப்பப் போன கைகள் பாதியில் நின்றுவிட்டன. மருந்தறையில் கும்பிட்டுவிட்டு, கோவிலில் கும்பிட முடியாமல் நின்றேன்.

"சண்டைக் காலத்துல அம்மனைக் கீழ ஊருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க" என்றார் அவர். "இப்ப அங்கதான் இருக்கா."

நீங்கள் வெறும் பீடத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு இவர் பக்கம் திரும்பினீர்கள்.

"பாத்தீகளா தம்பி? மருந்து ரூமுக்குப் பக்கத்துல அவளே இருக்கமாட்டேன்னு எறங்கிப் போயிட்டா. எம்மவன் மட்டும் இருக்கணுமாக்கும்?"

அதுதான் உங்கள் பதில். எத்தனையோ மாதமாக நாங்கள் காத்திருந்த வார்த்தை.

"வேண்டாம் மதினி" என்றார் அவர். "வேலு அச்சாபீசுக்குப் போகட்டும். லேபிள் அடிக்கட்டும்."

அங்கேயே நிழல் பார்த்து உட்கார்ந்து தூக்கைத் திறந்தீர்கள். முதல் உருண்டையை அவர் கையில்தான் வைத்தீர்கள். அவர் வாங்கத் தயங்கினார். "சாப்பிடுங்க. கீழ எறங்கணும்ல" என்றீர்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. மருந்தறைத் தரை குடித்துவிட்டிருந்தது. விக்கிக்கொண்டே தின்றோம். இறங்கியதும் ஊருக்குள் போய் அந்த அம்மனைத் தேடிக் கும்பிட்டோம். வீட்டுக்கு வந்து கார் வாடகை, பூ, அர்ச்சனை என்று வழக்கம்போல நோட்டில் எழுதினேன். மீதியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினேன்.

அடுத்த வாரமே கம்பெனியில் ஒவ்வொரு மருந்தறை வாசலிலும் தண்ணீர்த் தொட்டி வந்தது. அன்றிலிருந்து இவர் யாரிடமும் "காலியா?" என்று கேட்டதில்லை. "கழுவியாச்சா?" என்றுதான் கேட்பார். எனக்கும் அதே வழக்கம் வந்துவிட்டது. மாவுப் பானையானாலும் எண்ணெய்த் தூக்கானாலும், கழுவிக் கவிழ்க்காமல் காலி என்று என் வாயில் வராது. அடுக்களையில் நான் அதைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் என்னைப் பார்க்காமல் புன்னகைப்பீர்கள்.

பதினாறு அன்று வீடு முழுவதும் கழுவிவிட்டார்கள், அக்கா. உங்கள் அறை வாசலுக்கு வந்தபோது வாளியை நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று அந்த லேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வேலு வந்தான். தலை நரைத்துவிட்டது, கையில் இப்போதும் மை. தோளில் ஒரு காகிதக் கட்டு. சீசன் ஆர்டர் குவிந்து அச்சாபீசில் இடமில்லையாம்.

"சித்தி, அம்மா ரூமு காலியாத்தான கெடக்கு? கொஞ்ச நாளைக்கு இதை அடுக்கிக்கிடவா?"

"இன்னும் கழுவலைய்யா" என்றேன்.

உங்கள் கட்டில், கொடியில் தொங்கும் வெள்ளைச் சேலை, ஆணியில் மாட்டியிருக்கும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். பிறகு காகிதக் கட்டை வெளித் தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.