நீ காலியாக விட்ட கட்டம்

மார்ச் 29, சனிக்கிழமை

அன்புள்ள கெல்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது, தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். ஃபோனை நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. திங்கட்கிழமை நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இருபது நிமிடம் தாமதமாகப் போய், எல்லாத் தாய்மார்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போகச் சொன்னால் "வெயில் வந்தா சரியாயிடும்" என்கிறார். உன் அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டேன். ஆள் இல்லாத அறைக்குச் சூடு எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். வழக்கம்போல இந்த வருடமும் வரிக் கணக்கை நூலகத்தில்தான் கொடுத்தோம். அங்கே இலவசமாகப் போட்டுக்கொடுப்பது உன் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் மிசஸ் ப்ரூனர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குக் கூட்டல் கழித்தல் இல்லாமல் இருக்க முடியவில்லை. அனுப்பிய மறுநாளே திரும்பி வந்துவிட்டது என்று கூப்பிட்டார். போனேன். "ரோண்டா, கெல்சி தனியா ஒண்ணு தாக்கல் பண்ணியிருக்கா. 'வேறு யாராவது உங்களைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்ட முடியுமா'ன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல அவ குறி போடல. அப்படின்னா அவ யாரையும் சார்ந்து இல்லைன்னு அர்த்தம். நீங்க அவ பேரைப் போட்டதும் கம்ப்யூட்டர் துப்பிடுச்சு" என்றார்.

அவருக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது, உனக்கே தெரியும். எனக்குப் பின்னால் வரிசையில் தீவனக்கடை வெர்ன் நின்றிருந்தான். "என்ன ரோண்டா, மக தனிக்குடித்தனம் போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரசீதுகளைத் தேடி எடுத்தேன். உன் மருத்துவக் காப்பீடு, உன் ஃபோன், செப்டம்பரில் நீ பல் பிடுங்கிய செலவு, எல்லாம் எங்கள் கணக்கில்தான் போயிருக்கின்றன. யாரையும் சார்ந்து இல்லாத மகாராணியின் பல்லுக்கு யார் பணம் கட்டினார்கள் என்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு மளிகைப் பை நிறையத் திணித்தேன். அப்பாவையும் இழுத்துக்கொண்டு வியாழக்கிழமை மறுபடி நூலகத்துக்குப் போனேன்.

மிசஸ் ப்ரூனர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரசீது அப்புறம், முதலில் வேறொன்று தெரிய வேண்டும் என்றார். பாதி வருடத்துக்கு மேல் நீ எங்களோடு இருந்திருக்க வேண்டுமாம். "படிக்கப் போன நாளெல்லாம் வீட்டுல இருந்த மாதிரிதான். ஆனா அது அவ திரும்பி வர்ற வீடா இருக்கணும். ஜூன்ல போனாளே, திரும்பி வர்ற எண்ணத்தோடதான் போனாளா?"

அப்பா உடனே "வராம எங்க போவா?" என்றார். மிசஸ் ப்ரூனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எப்படிப் போனாய் என்று அப்பாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு மேல் இன்னொரு காகிதம் வேறு. உன் படிப்புக்கென்று நான் போட்டுவந்த சேமிப்பிலிருந்து போன மே மாதம் எடுத்த பதினாலாயிரம் டாலருக்கான சீட்டு. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "படிப்புக்குன்னு வச்ச பணத்தை வேற செலவுக்கு எடுத்தா அபராதம் உண்டு. ஆனா அவளுக்கு உதவித்தொகை கிடைச்சிருக்கே, அதனால உங்களுக்கு அபராதம் இல்ல. நல்ல காலம், ரோண்டா."

அது எனக்கு மே மாதமே தெரியும். பணம் எடுப்பதற்கு முன்னால் விசாரித்து வைத்துக்கொண்டேன். தெரிந்ததும், இது கடவுளே காட்டிய வழி என்றுகூட நினைத்தேன். கண் எரிய எரியப் படித்து நீ வாங்கினாய் அந்த உதவித்தொகையை. உன் பணத்தை உனக்குத் தெரியாமல் எடுக்க அதுவே எனக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. அந்த நூலகத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது எவ்வளவு கேவலம் என்று எனக்கு உறைத்தது.

ஜூனில் நீ கல்லூரி விடுதிக்குக் கட்டப் பணம் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். சாப்பாட்டு மேஜையில் அப்பாதான் போட்டு உடைத்தார், "அதை உங்கம்மா உங்கண்ணன் கோடிய போதை மறுவாழ்வு விடுதியில சேர்க்க எடுத்துட்டாளே, உங்கிட்ட சொல்லலையா?" என்று. நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று மட்டும் கேட்டாய். நான் சொன்னேன், "உனக்கு உதவித்தொகை இருக்கு. உங்க அண்ணனுக்கு என்ன இருக்கு?" நல்ல சூடான பதில் கொடுத்துவிட்டதாக அப்போது நினைத்தேன். மறுநாள் காலை நீ உன் கல்லூரி இருக்கும் மேடிசனுக்கு பஸ் ஏறிவிட்டாய்.

கோடியைப் பற்றி நீ இரண்டு முறை விசாரித்தாய். இரண்டு முறையும் "நல்லா இருக்கான்" என்று பதில் போட்டேன். பொய். தொண்ணூறு நாளைக்கு முன்பணம் கட்டிச் சேர்த்த இடத்திலிருந்து பத்தொன்பதாம் நாள் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான். கட்டிய பணம் திரும்பி வராதாம். ஜனவரியில் அரிசோனாவிலிருந்து ஒரு முறை கூப்பிட்டான், பணம் வேண்டும் என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் கூப்பிட்டது அப்பாவுக்குத் தெரியாது. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். படிக்கிற பிள்ளை தலையில் விடுதிக்காக வாங்கிய கடன், ஓடிப்போன பிள்ளைக்குச் செலவு. இதுதான் உன் அம்மா நடத்திய நியாயம்.

இப்போது செய்ய முடிந்தது இரண்டுதான் என்றார் மிசஸ் ப்ரூனர். உன் பெயரோடு மறுபடியும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் வரி அலுவலகத்திலிருந்து உனக்கும் எங்களுக்கும் கடிதம் வரும், ஆதாரம் கேட்பார்கள், யார் சொல்வது சரி என்று அவர்களே தீர்மானிப்பார்கள். இல்லையென்றால் உன் பெயரை எடுத்துவிட்டு அனுப்பலாம்.

மடியில் பையை வைத்துக்கொண்டு யோசித்தேன். ரசீதெல்லாம் என் பக்கம்தான். ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவேன். ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஐந்நூறு டாலர் வரி குறையும். கூடவே, நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று முகம் தெரியாத ஒரு அதிகாரி எழுதிக்கொடுப்பான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அப்பாவுக்கு வந்ததே கோபம். "ஐநூறு டாலரை யாராவது சும்மா விடுவாங்களா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர், கொஞ்ச நேரம் கழித்து அவராகவே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். கோடி பிறந்த வருடத்திலிருந்து பிள்ளை பெயர் இல்லாமல் நாங்கள் வரிக் கணக்குக் கொடுத்ததே இல்லை. இந்த முறை எங்கள் இரண்டு பேர் பெயர்தான். நானும் கையெழுத்துப் போட்டேன். அங்கே அழவில்லை. மறுநாள் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தைப் பெருக்கும்போதுதான் அழுகை வந்தது.

நீ எதையும் திருத்த வேண்டாம். அபராதம், விசாரணை என்று உனக்கு ஒன்றும் வராது, பயப்படாதே. கடனைப் பற்றி நான் வாய்ச்சவடால் விட மாட்டேன். கோடை விடுமுறையில் பேருந்தின் சிறப்பு ஓட்டங்களுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். வருவதை உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் யார் தயவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும்போது மிசஸ் ப்ரூனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாதிப் பிள்ளைங்க அந்தக் கட்டத்தைப் படிக்கிறதே இல்ல, ரோண்டா. அவசரத்துல தாண்டிப் போயிடுவாங்க" என்றார். நீயும் அப்படிப் படிக்காமல் தாண்டிப் போனவள்தான் என்று நான் வைத்துக்கொள்கிறேன். படித்துப் பார்த்துத்தான் விட்டாய் என்றால், நியாயம் உன் பக்கம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அதை மட்டும் எனக்கு எழுதாதே, கெல்சி. வேறு எதை வேண்டுமானாலும் எழுது. திட்டியாவது எழுது.

உன் அம்மா,
ரோண்டா