புதன்கிழமை ஊசி

14-6-2012, வியாழன். மார்த்தாண்டம்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மகள் ஷைனியின் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது. பிள்ளை பிறந்த ஒரு நாளுக்குள் தடுப்பூசி போட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொன்னார். செவ்வாய்க்கிழமை பிறந்த பேரனுக்குக் குடல் அடைப்பு. நேற்று வயிற்றில் ஆபரேஷன். அந்தப் பரபரப்பில் ஊசியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இன்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். ஒரு நாள் கடந்தாலும் இப்போதே தாராளமாகப் போடலாம் என்றார். நர்ஸ்தான் மறுத்தாள்.

"சாரே, ஒரு குப்பியில பத்துப் பிள்ளையளுக்குள்ள மருந்து. ஒண்ணுக்காவ உடைக்க முடியுமா? ஊசி நாளு அடுத்த புதன்தான்."

"கிருமி கிழமை பார்த்தா வரும்?"

பக்கத்தில் நின்றவளிடம், "வாத்தியாருல்லா, பரீட்ச வைக்காரு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். இந்த ஊரில் நான் எதைக் கேட்டாலும் இதே சிரிப்புதான். தலைமை டாக்டரைப் பார்க்கவும் விடவில்லை.

அவருக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். புகார்ப் பெட்டியைத் தினமும் காலையில் அவரே திறப்பாராம். எழுதியதற்குக் கீழே பெயர் போடாமல் நான் இருந்ததில்லை. மனைவி வாசித்துவிட்டுச் சொன்னாள்: "பேரு வேண்டாம். பிள்ள இன்னும் அவிய கையிலதான் கெடக்கு."

பெயரை அடித்துவிட்டேன். விடிந்ததும் பெயரில்லாமலே பெட்டியில் போடுகிறேன்.