டெல்மர் வந்தால் கொடுக்க வேண்டிய பெட்டி

ஹெல்மி,

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது, லேசாகச் சூடாக்கினால் போதும். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறேன். பதினோரு மணிக்கு டெல்மர் என்று ஒருவன் வருவான். என் வீடியோ கேம் பெட்டியை அவனிடம் கொடுத்துவிடு. கதவருகே நீலப் போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். முந்நூறு டாலருக்குக் குறைத்துக் கொடுக்காதே.

"ஏய்யா, எழுபத்திரண்டு வயசுல நூறு டாலர் குடுத்து மாடு மேய்க்கிற விளையாட்டு வாங்கி வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" என்று நேற்றுக் கேட்டாய். நியாயம்தான். ஆனால் நான் வரிசையில் போய் நின்றபோது அது எண்பதுதான். எனக்கு முன்னால் நின்றவனுக்குத் தாடி முளைத்து நரைத்தும் போனது. நான் பணம் கட்டப் போவதற்குள் நூறாகிவிட்டது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாதச் சந்தாவையும் ஏற்றிவிட்டார்கள். போதும், விட்டுவிடுகிறேன்.

எய்னோ

பி.கு.: விற்கும் முன் விளையாட்டில் இருக்கும் என் பண்ணையை அழிக்க மறந்து, பாதி வழியில் திரும்பி வந்தேன். திறந்து பார்த்தால், நான் ஏரிக்குப் போன வியாழக்கிழமைகளில் எல்லாம் யாரோ மாடு கறந்திருக்கிறார்கள். பூசணி நட்டிருக்கிறார்கள். ஒரு கழுதை வாங்கி, அதற்கு எய்னோ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பது நாம் இரண்டே பேர்.

டெல்மர் வந்தால் நான் செத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பு. பெட்டியைப் பழையபடி டிவியில் மாட்டிவிட்டேன்.

இன்றும் வியாழன்தான். ஐந்து மணிக்கு முன் வரமாட்டேன். வந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.